எகானமி சீட்டில் பத்து மணி நேரம்: எது எங்கே வலிக்கிறது, ஏன்

நெடுந்தூர விமானத்தில் எகானமி டிக்கெட் எடுக்கிறவருக்குப் புறப்படும் நேரம் தெரியும், இறங்கும் நேரம் தெரியும், லக்கேஜ் எத்தனை கிலோ என்பதும் தெரியும். அடுத்த பத்து மணி நேரம் உட்காரப் போகிற சீட்டின் அகலம் மட்டும் தெரியாது. பணம் கட்டும் பக்கத்தில் பெரும்பாலான நிறுவனங்கள் அதைப் போடுவதில்லை. ஒரு சட்டையைக்கூட அளவு பார்த்துத்தான் வாங்குகிறோம். இங்கே அளவைச் சொல்லாமலே விற்றுவிடுகிறார்கள். சீட் குறுகலாக இருப்பதை விலைக்கேற்ற வசதி என்று பொறுத்துக்கொள்ளலாம். அதை முன்கூட்டியே சொல்லாமல் மறைப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அளவைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. டிக்கெட் விவரத்தில் விமானத்தின் வகை சின்ன எழுத்தில் இருக்கும். அதையும் சீட் வரைபடத்தில் ஒரு வரிசைக்கு எத்தனை சீட் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். போயிங் 777 சேவைக்கு வந்தது 1995இல். அப்போது பெரும்பாலும் வரிசைக்கு ஒன்பது சீட்தான். ஒவ்வொன்றும் 18 அங்குலத்துக்குக் குறையாது. அதே உடம்புக்குள் இன்று பல நிறுவனங்கள் 3-4-3 என்று பத்து சீட் போடுகின்றன. அகலம் 17 அங்குலத்துக்கு வந்துவிட்டது. போயிங் 787இல் 3-3-3 என்று ஒன்பது. அதிலும் ஏறக்குறைய 17 அங்குலம்தான். ஏர்பஸ் ஏ350இல் அதே ஒன்பது சீட்டுக்கு ஏறக்குறைய 18 அங்குலம் கிடைக்கும். ஏ330இல் 2-4-2, ஏறக்குறைய 18 அங்குலம். இரண்டு பேராகப் போகிறவர்களுக்கு ஜன்னலோரம் இருக்கும் அந்த ஜோடி சீட்டைவிட நல்ல இடம் எகானமியில் வேறில்லை. குறுந்தூரத்திலும் இதே கதைதான்: போயிங் 737இல் 17 சொச்சம், ஏர்பஸ் ஏ320இல் 18. ஒரே நேரம், ஒரே விலை என்று இரண்டு விமானங்கள் இருந்தால் 18 அங்குலம் உள்ளதை எடுங்கள்.

ஓர் அங்குலத்தில் என்ன வந்துவிடும் என்று தோன்றலாம். வளர்ந்த ஆண்கள் பலருக்குத் தோள் அகலமே 18 அங்குலத்தைத் தாண்டும். மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்தால் நடுவில் இருப்பவர் தோளை முன்பக்கம் ஒடுக்கிக்கொண்டு, கைகளை மடியில் போட்டுக்கொண்டுதான் உட்கார முடியும். நடைபாதை ஓரத்தில் இருப்பவர் தன்னையறியாமல் வெளிப்பக்கம் சாய்வார்; தூங்கும்போது உணவு வண்டி வந்து முழங்கையில் இடிக்கும். இறங்கிய பிறகு கழுத்தும் தோள்பட்டையும் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் இந்த ஒடுங்கலால்தான். நடு சீட்டில் இருப்பவருக்கு இரண்டு பக்கக் கைப்பிடியையும் விட்டுக்கொடுப்பதுதான் நியாயம்.

அகலத்துக்கு அடுத்தது பிட்ச். உங்கள் சீட்டில் ஓர் இடத்திலிருந்து முன் சீட்டில் அதே இடம் வரை உள்ள தூரம் இது. கால் நீட்டக் கிடைக்கும் இடம் என்று பலர் இதைத் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். சீட் முதுகின் கனமும் இதற்குள் அடங்கிவிடும். நெடுந்தூர எகானமியில் 31, 32 அங்குலம் சாதாரணம். குறைந்த கட்டண விமானங்களில் 28 வரைகூட இறங்கும். புதிய மெல்லிய சீட்களில் முதுகு ஒல்லியாக இருப்பதால், பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தாலும் முழங்காலுக்கு முன்பிருந்த இடம் அப்படியே கிடைக்கலாம். பத்திரிகைப் பையைத் தட்டு மேசைக்கு மேலே ஏற்றியிருப்பதும் முழங்காலுக்கு இடம் விடத்தான். ஆனால் அந்த மெலிவுக்கு விலையாகப் போனது மெத்தை. முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் தெரியாது. மூன்றாவது மணி நேரத்தில் அடியில் இருக்கும் கெட்டித் தகடு வால் எலும்பில் உறைக்க ஆரம்பிக்கும். விமானத்தில் கொடுக்கும் போர்வையை நாலாக மடித்துத் தொடைக்கும் இடுப்புக்கும் அடியில் போட்டுக்கொண்டால் ஓரளவு தாங்கலாம்.

சீட் வரைபடத்தில் தெரியாத சில பொறிகளும் உண்டு. அவசர வழி வரிசையில் கால் நீட்டலாம். ஆனால் தட்டு மேசை கைப்பிடிக்குள் மடங்கியிருப்பதால் கைப்பிடி தடித்து, உட்காரும் அகலம் குறையும். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் காலடியில் பை வைக்க முடியாது. அதற்கு முந்தைய வரிசை பெரும்பாலும் சாயாது, ஏனென்றால் வெளியேறும் வழி அடைபட்டுவிடக் கூடாது. கடைசி வரிசைக்கும் பின்னால் சுவர் இருப்பதால் பல விமானங்களில் அதே நிலைமைதான். தடுப்புச் சுவருக்கு எதிரே உள்ள முதல் வரிசையில் யாரும் உங்கள் மேல் சாயமாட்டார்கள். ஆனால் குழந்தைத் தொட்டில் மாட்டும் இடம் அது. சில விமானங்களில் திரைக்கான மின்பெட்டி முன் சீட்டுக்கு அடியில் இருந்து ஒரு காலுக்கான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். குலுக்கல் ஆகாதவர்கள் இறக்கைக்கு மேலே உள்ள வரிசையை எடுக்கலாம். வால்பக்கம் போகப் போக ஆட்டமும் அதிகம், இரைச்சலும் அதிகம். காசு கொடுத்துப் பிடித்த சீட்டாக இருந்தாலும், நேரம் மாறியதாக மின்னஞ்சல் வந்தால் உடனே வரைபடத்தைத் திறந்து பாருங்கள். விமான வகை மாறினால் நீங்கள் எடுத்த எண்ணில் வேறு சீட் இருக்கும், சில சமயம் எண்ணே காணாமல் போயிருக்கும்.

இவ்வளவு நேரம் அசையாமல் உட்காருவது வெறும் அசௌகரியத்தோடு முடிவதில்லை. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணித்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இல் சொன்னது. மொத்தத்தில் பார்த்தால் 6,000 பேரில் ஒருவர் என்ற அளவு, ஆகவே பயந்து நடுங்கத் தேவையில்லை. மிக உயரமானவர்கள், குட்டையானவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். குட்டையானவர்களுக்குப் பாதம் தரையில் எட்டாமல் சீட்டின் விளிம்பு தொடையின் அடிப்பக்கத்தை அழுத்தும். காலடியில் பையை வைத்து அதன்மேல் பாதத்தை ஊன்றுங்கள். மணிக்கொரு முறை குதிகாலைத் தரையில் வைத்து முன்பாதத்தைத் தூக்கி, பிறகு முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்கி, இருபது முப்பது தடவை செய்தால் போதும். ஏற்கெனவே ரத்த உறைவு வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏறக் கூடாது.

காற்றைப் பற்றி வரும் புகார்களில் பாதி தவறு. பறக்கும்போது கேபின் காற்று மணிக்கு இருபது முப்பது தடவை மாறுகிறது. சுழன்று வரும் பங்கு, நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வழியாகத்தான் வருகிறது. உண்மையான குறை வறட்சி. 35,000 அடி உயரத்தில் வெளிக்காற்றில் ஈரமே கிடையாது என்பதால், உள்ளே ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே போய்விடும். கண் உறுத்தும், மூக்குக்குள் காய்ந்து எரியும், தொண்டை கமறும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் கண்ணாடிக்கு மாறிவிட வேண்டும். அழுத்தமும் தரையில் இருப்பது போல் இருக்காது. பழைய வடிவமைப்புகளில் கிட்டத்தட்ட 8,000 அடி மலையில் இருக்கிற நிலை. 787, ஏ350 இரண்டிலும் 6,000 அடி அளவுக்குள் வைத்திருக்கிறார்கள். இறங்கிய பிறகு தலை கனக்காமல் இருப்பதில் இந்த வித்தியாசம் தெரியும். 787 சீட்டின் அகலத்தைக் குறை சொன்ன கையோடு இதையும் சொல்லத்தான் வேண்டும்.

காது வலி பெரும்பாலும் இறங்கும்போதுதான். ஏறும்போது நடுக்காதில் மிஞ்சிய காற்று தானாக வெளியேறிவிடும். இறங்கும்போது வெளி அழுத்தம் கூடுகிறது. காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் ஒட்டிக்கொண்டு காற்றை உள்ளே விடாது. விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும்தான் அது திறக்கும். தூங்கினால் விழுங்குவது குறைந்துவிடும். அதனால் தரையிறங்க அரை மணி நேரம் இருக்கும்போதே எழுந்து ஏதாவது மெல்ல ஆரம்பியுங்கள். மூக்கைப் பொத்தி, வாயை மூடி, மெதுவாக ஊதுங்கள். காதில் ‘டப்’ என்று திறக்கும். முழு பலத்தோடு ஊதினால் செவிப்பறைக்குச் சேதம். வலி வந்த பிறகு ஆரம்பித்தால் குழாய் இறுகிவிட்டிருக்கும், திறப்பது கடினம். கைக்குழந்தைக்கு அந்த நேரத்தில் பால் கொடுப்பது நல்லது.

சாப்பாடு சப்பென்று இருப்பதற்குச் சமையல்காரர் மட்டும் காரணம் அல்ல. வறண்ட மூக்கும் இயந்திர இரைச்சலும் உப்பையும் இனிப்பையும் மங்கச் செய்துவிடும். தக்காளிச் சுவை மட்டும் அவ்வளவாகக் குறையாது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 92 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுவதால் தேநீரில் சாரம் இறங்காது. சிறப்பு உணவு வேண்டுமென்றால் குறைந்தது 24 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும். டிக்கெட் விற்ற நிறுவனம் ஒன்று, விமானத்தை இயக்கும் நிறுவனம் வேறு என்றால் இயக்கும் நிறுவனத்திடம் பதிவாகியிருக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். அங்கேதான் பெரும்பாலும் நழுவிப்போகிறது. கழிப்பறைக்கு உணவு வண்டி கிளம்புவதற்கு முன்பே போய்விடுவது நல்லது. தட்டுகளை எடுத்தவுடனும், இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு விளக்குப் போட்டவுடனும் வரிசை நீளும்.

ஏறும் வரிசையில் நடக்கும் தள்ளுமுள்ளு சீட்டுக்காக அல்ல, தலைக்குமேல் இருக்கும் பெட்டியில் இடம் பிடிக்கத்தான். கடைசியில் வருகிறவர்களின் பையை வாசலிலேயே வாங்கிக் கீழே சரக்குப் பகுதிக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த அவசரத்தில் பலர் பவர் பேங்கை எடுக்க மறக்கிறார்கள். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் கேபினில் அணைக்க ஆள் இருக்கிறது, சரக்குப் பகுதியில் இல்லை. அதனால்தான் அதைக் கீழே விடுவதில்லை. பவர் பேங்க், மருந்து, பாஸ்போர்ட், சாவி இந்த நான்கையும் ஒரு சின்னப் பையில் போட்டு அந்தப் பெரிய பைக்குள் வைத்திருந்தால் ஒரே இழுப்பில் எடுத்துவிடலாம். பவர் பேங்கின் அளவு 100 வாட்-மணிக்குள் இருந்தால் பொதுவாக அனுமதி கேட்க வேண்டாம். 100க்கு மேல் 160 வரை நிறுவனத்தின் சம்மதம் வேண்டும், அதற்கு மேல் கூடவே கூடாது. கணக்கு சுலபம்: மில்லி ஆம்பியர் எண்ணை 3.7ஆல் பெருக்கி 1,000ஆல் வகுக்க வேண்டும். 20,000 என்றால் 74. எழுத்து அழிந்துபோய் அளவு தெரியாத பவர் பேங்கைச் சோதனையில் எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

கதவை மூடிவிட்டு ஒரு மணி நேரம் தரையிலேயே உட்கார வைப்பது எல்லோரையும் எரிச்சலூட்டும். புறப்பட ஒதுக்கப்பட்ட நேரம் எப்போது வேண்டுமானாலும் முன்னுக்கு வரலாம். தயாராக இல்லாத விமானம் அதை இழந்து இன்னும் பின்னால் போய்விடும். காரணம் நியாயமானது. அதைப் பயணிகளுக்கு ஒரு வரியில் சொல்லாமல் விடுவதுதான் நியாயமில்லை. மாறி ஏறும் பயணம் இருந்தால் இந்த ஒரு மணி நேரமே அடுத்த விமானத்தைக் கெடுக்கும். இரண்டும் ஒரே பி.என்.ஆர். (முன்பதிவு எண்) என்றால் அடுத்ததில் இடம் தருவது நிறுவனத்தின் பொறுப்பு. மலிவாகக் கிடைக்கிறதென்று தனித்தனி டிக்கெட் எடுத்திருந்தால் இரண்டாவது டிக்கெட்டின் பணம் பெரும்பாலும் போனதுதான்.

லக்கேஜில் ஒட்டும் பட்டையைக் கவுண்டரை விட்டு நகரும் முன் படியுங்கள். அதில் இருக்கும் மூன்றெழுத்துக் குறி நீங்கள் கடைசியாக இறங்கும் ஊருடையதா என்று பாருங்கள். பழைய பயணத்தின் ஸ்டிக்கர்கள், மூலையில் ஒட்டிய குட்டி பார்கோடு உட்பட, ஒன்று விடாமல் கிழித்துவிட வேண்டும். பிரிக்கும் இயந்திரம் அதைப் படித்துத் தடுமாறினால் பெட்டி தனியாக ஒதுங்கிவிடும். பெட்டி வரவில்லை அல்லது உடைந்திருக்கிறது என்றால் சுங்கத்தைத் தாண்டி வெளியே போகாமல், பெல்ட் பக்கத்திலேயே இருக்கும் லக்கேஜ் கவுண்டரில் பி.ஐ.ஆர். என்னும் புகார்ப் படிவத்தைப் பதிந்து அதன் எண்ணை வாங்குங்கள். பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். சர்வதேசப் பயணங்களுக்கான 1999 மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, நிறுவனத்துக்கு எழுத்துமூலமாகவும் புகார் போக வேண்டும்: சேதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள், தாமதத்துக்கு வந்து சேர்ந்த 21 நாளுக்குள். 21 நாளாகியும் வராத பெட்டியைத் தொலைந்ததாகக் கணக்கில் எடுத்து இழப்பீடு கேட்கலாம். உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர்.; இது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு, அன்றைய மதிப்பில் உள்ளூர்ப் பணமாக மாற்றிக் கொடுப்பார்கள். பெட்டி தாமதமான நாட்களில் வாங்கிய உடை, சோப்பு, பல்துலக்கி ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். மூடும் முன் திறந்த பெட்டியை எடுத்த ஒரு புகைப்படமும் உதவும். வழக்கு என்று போனால் இறங்கிய நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.