குன்னூரில் நம்பிக் கொடுக்கக்கூடிய கணினிப் பழுதுபார்ப்புக் கடை

பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 500 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகம்) ஒன்றை நானே பொருத்திய அன்று, எங்கள் வீட்டுக் கணினி ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ (இயக்கத் தொடங்க ஏற்ற டிஸ்க் இல்லை) என்ற ஒற்றை வரியோடு கறுப்புத் திரையில் நின்றுவிட்டது. மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, குன்னூர் பெட்ஃபோர்டு பகுதியிலுள்ள ஒரு சிறிய கடைக்கு எடுத்துச் சென்றேன்.

ஸ்குரூ டிரைவரைத் தொடுவதற்கு முன்பே கடையிலிருந்த இளைஞர், கணினி எழும்போது முதலில் இயங்கும் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் சென்று பார்த்தார். “டிஸ்க் பேர் தெரியுதுங்க சார், அப்போ கேபிளும் பவரும் சரிதான்” என்றார். தவறு என்னுடையதுதான்: விண்டோஸ் இருக்கும் சி பகுதியை மட்டும் புதிய டிஸ்க்குக்கு நகலெடுத்திருந்தேன். கணினி எழுவதற்கான கோப்புகள் இருக்கும் சிறிய இஎஃப்ஐ பகுதி பழைய டிஸ்க்கிலேயே தங்கிவிட்டது. அவர் விண்டோஸ் நிறுவும் பென்டிரைவிலிருந்து கணினியை இயக்கி, சி பகுதியைச் சற்றே சுருக்கி, கிடைத்த இடத்தில் ஃபேட்32 என்ற கோப்பு அமைப்பு முறையில் ஒரு பகுதியை உருவாக்கி, விண்டோஸின் பிசிடிபூட் என்ற கட்டளையால் அக்கோப்புகளை எழுதினார். ஃபார்மேட் செய்துவிடலாம் என்று எளிதாகச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. மகளின் பள்ளிப் படங்கள் ஒன்றுகூட அழியவில்லை என்பதே எனக்குப் பெரிது.

கையோடு ரேமை (கணினியின் தற்காலிக நினைவகம்) கழற்றி, அதன் பொன்னிறப் பட்டைகளை அழிப்பானால் மெல்லத் தேய்த்துத் துடைத்தும் கொடுத்தார். பனியும் ஈரமும் நிறைந்த எங்கள் ஊரில் இது தேவையான கவனிப்பு.

கூலி 400 ரூபாய். பொருளை ஒப்படைக்கும்போது ரசீது தருவதில்லை. அதை மட்டும் அவர்கள் திருத்திக்கொள்ள வேண்டும். பழைய டிஸ்க்கை ஒரு மாதமாவது அழிக்காமல் வைத்திருக்கச் சொன்னார். அப்படியே அலமாரியில் வைத்திருக்கிறேன்.