மூன்று மாதம் பயன்படுத்திய உணவுக் கணக்குச் செயலி: அது என்னிடம் கேட்காதவை

சாப்பிடுவதையெல்லாம் பதிவு செய்தால் கலோரியைக் கணக்கிட்டு, வாரத்துக்கு ஒரு சமையல் திட்டமும் தரும் கைப்பேசிச் செயலி இது. என் அறைத்தோழிதான் நிறுவித் தந்தாள். அவளுக்கு நன்றாகவே உதவுகிறது, எனக்கு உதவவில்லை. இருவருக்கும் வயது 23. ஒரே அலுவலகம், ஒரே சம்பளம். நான் பாதிச் சம்பளத்தை வீட்டுக்கு அனுப்புகிறேன், அவள் அனுப்ப வேண்டியதில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பொட்டலத்தின் பட்டைக் குறியீட்டைக் காட்டினால் உள்ளே இருப்பதை நொடியில் சொல்லிவிடுகிறது. ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரவுப் பணியில் நான் சாப்பிடும் நூடுல்ஸ் பொட்டலம் ஒன்றே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடுகிறது என்பதை இதில்தான் தெரிந்துகொண்டேன். இதற்கு இலவசப் பதிப்பே போதும்.

தொடக்கத்தில் வயது, உயரம், எடை, உடற்பயிற்சி என்று வரிசையாகக் கேட்கிறது. அவற்றில் ஒரு கேள்வி: 'புதிய காய்கறிகளைச் சாப்பிட்டுப் பார்ப்பீர்களா?' 'அரிதாக' என்று தேர்ந்தெடுத்தேன். முடிவில் 'உணவு ஆர்வம்: குறைவு' என்று மதிப்பெண் போட்டது. அந்தச் சொல் என்னை உண்மையாகவே புண்படுத்தியது.

என் வீட்டில் அப்பாவுக்குக் கூலி கிடைத்த அன்றுதான் காய் வாங்குவோம். பிள்ளைகள் மூவரும் மறுக்காமல் சாப்பிடுவது எதுவோ, அதை மட்டும்தான் அம்மா வாங்குவார். புதிதாக ஒன்றைச் சமைத்து எங்களுக்குப் பிடிக்காமல் போனால், அந்த வேளைக்கு அடுப்படியில் வேறு எதுவும் இருக்காது. குழந்தைக்குப் புதுச் சுவை பழக வேண்டுமானால் எட்டுப் பத்து முறையாவது கொடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள் ஊட்டச்சத்து ஆய்வாளர்கள். பத்து முறை வீணாக்க அம்மாவால் முடியாது. அறைத்தோழியின் வீட்டில் முடிந்தது. அவள் ஒரு கடி கடித்துவிட்டு வைத்த பழத்தைப் பற்றி யாருமே கேட்டதில்லையாம். இன்று அவள் எதையும் தயங்காமல் வாயில் போடுகிறாள். நான் தெரிந்ததையே வாங்குகிறேன், வேகமாகச் சாப்பிடுகிறேன், தட்டில் ஒரு பருக்கையும் விடுவதில்லை. 'வயிறு முக்கால் நிறைந்ததும் நிறுத்துங்கள்' என்று செயலி தினமும் நினைவூட்டும்போது எனக்குக் கை வருவதில்லை.

மாதக் கடைசியில் இன்னும் மோசம். பிஸ்கட் என்று பதிந்தால் 'பாதாம் சாப்பிடலாமே' என்கிறது. கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்தும் புரதமும் 4 கலோரி என்ற பழைய வாய்பாட்டைத்தான் இந்தச் செயலியும் வைத்திருக்கிறது. எண் எதுவும் தெரியாமலே அம்மா போட்ட கணக்கும் அதுதான். குறைந்த காசில் வயிற்றை நிரப்புபவை எண்ணெயும் சர்க்கரையும் மாவும். 100 கிராம் பசலைக் கீரையில் சுமார் 23 கலோரிதான். அதை நம்பி எட்டு மணி நேரம் வேலை பார்க்க முடியாது. வருமானம் குறையக் குறைய அதில் உணவு பிடிக்கும் பங்கு கூடும் என்று ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857இலேயே எழுதினார். ஆனால் வாடகையையும் வீட்டுக்கு அனுப்பும் பணத்தையும் குறைக்க வழியில்லாதபோது, கை வைக்க மிஞ்சுவதும் அந்தச் சாப்பாட்டுப் பணத்தில்தான்.

சமையல் திட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது குளிர்பதனப் பெட்டியும் ஓவனும் இருப்பவர்களுக்கானது. எங்கள் அறையில் இருப்பது ஒற்றை மின்னடுப்பு.

போதிய உணவு கிடைக்காத நிலையை அளக்க, ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பிடம் எட்டே கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு. பணமில்லாமல் ஒரு வேளை உணவைத் தவிர்த்தீர்களா என்பது அவற்றில் ஒன்று. அந்த ஒரு கேள்வியையும், வீட்டில் என்னென்ன சமையல் வசதி இருக்கிறது என்பதையும் சேர்த்தாலே இந்தச் செயலி என்னைப் போன்றவர்களிடம் வேறு விதமாகப் பேசும். தயாரிப்பாளர்களுக்கு இதை விரிவாக எழுதினேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று தானியங்கிப் பதில் வந்தது. மறுபடியும் எழுதியிருக்கிறேன்.

ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். நிலையான சமையலறையும் ஓரளவு கையிருப்பும் உள்ளவர்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம். மற்றவர்கள் பட்டைக் குறியீட்டு வசதியை மட்டும் வைத்துக்கொண்டு, அமைப்புகளுக்குள் சென்று மதிப்பெண்ணையும் நினைவூட்டல்களையும் அணைத்துவிடுங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.