கிரப் மெனுவை மீட்டெடுத்தல்: பத்து வருஷத்துக்கும் மேலான அனுபவம்

2013-ல் என் மேசைக் கணினியில் உபுண்டு 12.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் மட்டும்தான் இருந்தது. தம்பியின் கடைக் கணக்கு மென்பொருள் அதில் ஓடாது என்பதால், காலியாகக் கிடந்த பார்ட்டிஷனில் (வட்டின் ஒரு பகுதியில்) இன்னொரு இயங்குதளத்தை நிறுவினேன். ரீஸ்டார்ட் செய்ததும் எந்த இயங்குதளத்தைத் துவக்குவது என்று கேட்டு வழக்கமாக வரும் கிரப் மெனுவைக் காணோம். நேராகப் புதியது திறந்தது. மூன்று வருஷ வேலையும் அழிந்துவிட்டது என்று நினைத்து அன்று ராத்திரி நான் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

எதுவும் அழியவில்லை. பழைய பயாஸ் (கணினியை முதலில் எழுப்பும் மென்பொருள்) கணினிகளில் வட்டின் முதல் 512 பைட்டுக்கு எம்பிஆர் என்று பெயர். அதில் 446 பைட் துவக்க நிரலுக்கு, 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு, கடைசி 2 பைட் அடையாளக் குறிக்கு. துவக்க நிரலுக்கு இருப்பது அந்த ஒரே இடம். கடைசியாக நிறுவப்படும் இயங்குதளம் தன்னுடையதை அங்கே எழுதிவிடும். வாசலில் பெயர்ப்பலகை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே சாமான்கள் வைத்த இடத்திலேயே இருக்கின்றன.

மறுநாள் உபுண்டு லைவ் சிடியில் (நிறுவாமலே ஓடும் உபுண்டு) கணினியைத் திறந்து டெர்மினலுக்குப் போனேன். எந்தப் பார்ட்டிஷனில் உபுண்டு இருக்கிறது என்பதை எல்எஸ்பிஎல்கே கட்டளை காட்டியது: எஸ்டிஏ5, அதாவது எஸ்டிஏ என்ற வட்டில் 5 என்ற எண்ணுள்ள பார்ட்டிஷன். அதை மவுண்ட் செய்து (படிக்கும்படி இணைத்து), டெவ், பிராக், சிஸ் மூன்று அடைவுகளையும் அதோடு பைண்ட் செய்து, சிஎச்ரூட் வழியாக வட்டிலுள்ள உபுண்டுவுக்கு உள்ளே நுழைந்தேன். அப்புறம் கிரப்-இன்ஸ்டால் கட்டளையுடன் எஸ்டிஏ5 என்று தட்டினேன். பிளாக்லிஸ்ட் முறை (கோப்பு வட்டில் இருக்கும் இடங்களை எண்களாகக் குறித்துவைப்பது) நம்பத்தக்கதல்ல, மேற்கொண்டு செய்ய முடியாது என்று சொல்லி அது நின்றுவிட்டது. அரை மணி நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். 446 பைட்டில் கிரப் முழுதும் அடங்காது. மீதி, எம்பிஆருக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தில்தான் உட்காரும். அதனால் அதற்கு முழு வட்டின் பெயரைக் கொடுக்க வேண்டும், பார்ட்டிஷன் எண் கூடாது. அந்த 5-ஐ மட்டும் எடுத்துவிட்டு மறுபடி தட்டினேன். நிறுவல் முடிந்தது, பிழை ஏதுமில்லை என்று வந்தது. அடுத்து, மெனுவைப் புதுப்பிக்கும் அப்டேட்-கிரப். இரண்டு இயங்குதளங்களின் பெயரும் திரையில் ஏறியபோது வந்த நிம்மதி இன்னும் நினைவிருக்கிறது.

2019-ல் வாங்கிய மடிக்கணினி, பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ வகை. அதில் கதையே வேறு. இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்று ஃபேட்32 வடிவில் தனியாக ஒன்று இருக்கும். ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் அதில் தனி அடைவு. ஒன்றின் மேல் ஒன்று எழுதிக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டாவதை நிறுவும்போது பெரும்பாலும் மாறுவது மதர்போர்டின் நினைவகத்தில் உள்ள துவக்க வரிசை மட்டுமே. இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் (efibootmgr) கட்டளையால் உபுண்டுவை மேலே கொண்டுவந்தால் வேலை முடிந்தது, இரண்டு நிமிஷம்தான். ஆனால் முதல் தடவை அந்தக் கட்டளையே ஓடவில்லை. இஎஃப்ஐ மாறிகளுக்கு இந்தக் கணினியில் ஆதரவு இல்லை என்றது. காரணம், பென் டிரைவைப் பழைய பயாஸ் முறையில் துவக்கியிருந்தேன். பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு தடவை தெரிந்தால், யூஇஎஃப்ஐ என்று முன்னால் போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

2022-ல் உபுண்டு 22.04-க்கு மாறிய பிறகு இன்னொரு சிக்கல். கிரப் வந்தது, அதில் மற்ற இயங்குதளத்தைக் காணோம். கிரப் 2.06-லிருந்து, மற்றவற்றைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஓஎஸ்-புரோபர் பாதுகாப்பு கருதி முன்னிருப்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. அப்டேட்-கிரப் ஓடும்போதே இதை எச்சரிக்கையாகச் சொல்கிறது, நான் கவனிக்கவில்லை. கிரப் அமைப்புக் கோப்பில் அதை முடக்கும் வரிக்கு ஃபால்ஸ் என்று மதிப்புக் கொடுத்து, அப்டேட்-கிரப்பை மறுபடி ஓட்டினால் போதும்.

பூட்-ரிப்பேர் என்ற கருவியையும் சில முறை பயன்படுத்தியிருக்கிறேன். எந்த வட்டில் என்ன இருக்கிறது என்று அது தரும் அறிக்கை அருமை. பழுதைச் சரிசெய்ய மட்டும் எனக்குக் கட்டளைகள்தான் பிடிக்கும், என்ன மாறுகிறது என்று ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பையன் மடிக்கணினியோடு வந்தான். "அண்ணே, அப்பா போட்டோ எல்லாம் இதுலதான் இருக்கு. போயிடுச்சா?" பென் டிரைவில் துவக்கி, அவனுடைய ஹோம் அடைவைத் திறந்து அவன் பக்கம் திருப்பி வைத்தேன். ஒவ்வொரு படமாக அவன் பார்த்து முடிக்கும்வரை டெர்மினலைத் திறக்கவில்லை.