மண்டபத்து உப்புத் தண்ணியில் கீசர்: எலிமென்ட் ஏன் போகிறது, எதைப் பார்த்து வாங்க வேண்டும்

கீசர் வாங்கப் போனால் நாம் முதலில் கேட்பது ஸ்டார் எத்தனை, வாரன்டி எத்தனை வருஷம் என்பதுதான். மண்டபத்தில் போர் தண்ணியை வைத்து வருஷக்கணக்காகக் கீசர் ஓட்டியதில் எனக்குத் தெளிவாகியிருப்பது வேறு. ராமநாதபுரம் கடலோரத்தில் முதலில் கேட்க வேண்டியது, உள்ளே தண்ணியைச் சூடாக்கும் எலிமென்ட்டின் குழாய் எந்த உலோகம், அது எவ்வளவு நீளம் என்பதைத்தான்.

எங்கள் வீட்டில் இருப்பது 15 லிட்டர், 2000 வாட். அதே மாடல்தான் ராமநாதபுரம் டவுனில் அக்கா வீட்டிலும். அங்கே காவிரி கூட்டுக் குடிநீரைச் சம்ப்பில் பிடித்து மேல்தொட்டிக்கு ஏற்றுகிறார்கள். எங்களுக்குக் குடிக்கத்தான் நல்ல தண்ணி, குளிக்கத் துவைக்க எல்லாம் போர்தான். அம்மாவுக்கு மூட்டு வலி என்பதால் வருஷம் முழுக்க வெந்நீர் வேண்டும். ராமேஸ்வரத்தில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டு வரும் உறவுக்காரர்களுக்கும் இங்கேதான் வெந்நீர். அக்கா வீட்டில் கம்பெனி போட்ட எலிமென்ட்டே இன்னும் ஓடுகிறது. எங்கள் வீட்டில் வாரன்டி முடியும் முன்பே போய்விட்டது. சர்வீஸுக்கு வந்தவர், தண்ணி சரியில்லை, இது வாரன்டியில் வராது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கார்டில் பொடி எழுத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. கடலோர ஊரில் கடை வைத்து விற்கிறவர்கள் இதை விற்கும்போதே வாயால் சொல்ல வேண்டும். எனக்கு அதில் இன்றும் கோபம் உண்டு.

பிறகு உச்சிப்புளியிலிருந்து ஒரு எலெக்ட்ரீஷியன் பாயை வரவழைத்துக் கழற்றினோம். எலிமென்ட்டைத் தாங்கி அடியில் இருக்கும் ஃபிளான்ஜ் தகட்டின் நட்டுகளைத் தளர்த்தி இழுத்தால் எலிமென்ட் லேசில் வரவில்லை. வெளியே வந்தபோது செம்புக் குழாயே கண்ணுக்குத் தெரியவில்லை. சுற்றிலும் வெள்ளையும் பழுப்புமாகக் கல் போன்ற ஓடு, விரல் தடிமனுக்கு. ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டினால் பட்டை பட்டையாக உதிர்ந்தது. டேங்க் அடியிலும் வெள்ளை நொறுங்கல் குவிந்து கிடந்தது. ஓடு உதிர்ந்த இடத்தில் செம்பு கறுத்து, வளைவுப் பக்கம் நீளவாக்கில் வெடித்திருந்தது. வெடிப்பிலிருந்து ஈரமான வெள்ளைப் பொடி எட்டிப் பார்த்தது. பாய் அதை விரலில் தொட்டுக் காட்டிவிட்டு, "அண்ணே, காயில் மட்டமில்லண்ணே. சூடு வெளிய போக வழியில்லாமப் போயிருச்சு" என்றார். அவர் சொன்னது அப்படியே சரி.

எலிமென்ட்டின் நடுவில் ஒரு நிக்ரோம் கம்பிச் சுருள் ஓடுகிறது. நிக்கலும் குரோமியமும் கலந்த கம்பி, உருகுநிலை 1400 டிகிரி செல்சியஸ் வாக்கில். அதைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு பொடியை இறுக்கி அடைத்திருப்பார்கள். அந்தப் பொடி சூட்டைக் கடத்தும், கரண்டைக் கடத்தாது. அதற்கு மேல் உலோகக் குழாய், குழாயைச் சுற்றித் தண்ணீர். நிக்ரோமின் பெரிய குணம், எவ்வளவு சூடானாலும் அதன் மின்தடை சில சதவீதம்தான் ஏறும். அதனால் வெளியே என்ன நடந்தாலும் 2000 வாட் எலிமென்ட் கிட்டத்தட்ட 2000 வாட்டைத் தள்ளிக்கொண்டேதான் இருக்கும். தண்ணீர் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டால் குழாய் பத்திரம். வாங்காவிட்டால் குழாயின் சூடு ஏறிக்கொண்டே போகும்.

கடினத் தண்ணீரைச் சூடாக்கினால் அதில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சிதைந்து, கார்பன் டை ஆக்சைடு பிரிந்து, கால்சியம் கார்பனேட் படியும். அதிகம் சூடான இடத்தில்தான் அதிகம் படியும், அதாவது எலிமென்ட் மேலேயே. செம்பு கடத்தும் சூட்டில் நூறில் ஒரு பங்குகூட இந்த ஓடு கடத்தாது. சித்திரை வெயிலில் கம்பளி போர்த்தி உட்கார வைத்த மாதிரிதான் எலிமென்ட்டின் நிலைமை. குழாயின் மேற்பரப்பில் சதுர சென்டிமீட்டருக்கு 8 வாட் வெளியேறுகிறது என்று வையுங்கள். 2 மில்லிமீட்டர் ஓடு படிந்தாலே, ஓட்டுக்கு உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிட நூறு டிகிரிக்குப் பக்கம் கூடுதலாகச் சூடேறும். எங்கள் எலிமென்ட்டில் இருந்தது விரல் தடிமன்.

முன்னறிவிப்பு இல்லாமல் இது நடக்காது. முதலில் சத்தம் வரும். ஓட்டுக்கு அடியில் சிக்கிய தண்ணீர் அங்கேயே கொதித்து, டேங்குக்குள் கடகடவென்று உருளுகிற மாதிரி கேட்கும். அதன் பிறகு கட்-அவுட் விழ ஆரம்பிக்கும். தண்ணீர் போதிய சூடானதும் கரண்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டின் உணர்குழலும் அதே தண்ணீரில்தான் இருக்கிறது. அதன் மேலும் சுண்ணாம்பு ஏறிவிட்டால் தண்ணீரின் சூடு அதற்குத் தாமதமாகத்தான் எட்டும். அதற்குள் சூடு எல்லை தாண்டிவிடும், பாதுகாப்புக்கு வைத்த கட்-அவுட் விழும். விழுந்த கட்-அவுட்டைத் திரும்பப் போடும் சின்னப் பட்டனை அமுக்கி அமுக்கி ஓட்டுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இரண்டாவது தடவை விழுந்தால் ஆளைக் கூப்பிட்டுக் கழற்றிப் பாருங்கள்.

தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்கே எல்லோரும் டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள். டிடிஎஸ் என்பது கரைந்த உப்புகளின் மொத்தக் கணக்கு. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2000 வரை. ஆனால் எலிமென்ட்டில் ஓடு கட்டுவது சாப்பாட்டு உப்பு அல்ல, கால்சியமும் மெக்னீசியமும். அதற்குக் கடினத்தன்மை என்று தனிக் கணக்கு இருக்கிறது, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது, கடைசி எல்லை 600. பரிசோதனை செய்ய வசதியில்லாவிட்டால் சோப்பைப் போட்டுப் பாருங்கள். நுரைக்காமல் திரி திரியாகத் திரிந்து வாளியில் ஒட்டினால் கடினம். சாப்பாட்டு உப்பு செய்யும் கெடுதல் வேறு விதம். அதிலிருக்கும் குளோரைடு உலோகத்தில் பொடிப் பொடியாகக் குழி விழவைக்கும். நம் கரையோரத் தண்ணீரில் பல இடங்களில் இரண்டு தொல்லையும் சேர்ந்தே இருக்கின்றன.

இப்போது எலிமென்ட்டைத் தேர்ந்தெடுக்கும் விஷயம். "நல்ல காயில் போட்டுத் தர்றேன்" என்று கடையில் சொல்வார்கள். திறந்த காயில் அடுப்பில் அந்தப் பேச்சுக்கு அர்த்தம் உண்டு. அங்கே நிக்ரோமா, இரும்பு-குரோமியம்-அலுமினியம் கலந்த கான்தல் வகைக் கம்பியா என்பது ஆயுளை மாற்றும். கான்தல் இன்னும் அதிகச் சூடு தாங்கும், ஆனால் ஓடி ஓடி நொறுங்கும் தன்மை வந்துவிடும். கீசரில் கம்பி தண்ணீரைத் தொடுவதே இல்லை. அங்கே தலைவிதியை எழுதுவது வெளிக்குழாய்.

செம்புக் குழாய் சூட்டை அருமையாகக் கடத்தும், விலையும் குறைவு, நல்ல தண்ணிக்கு அதுவே போதும் என்பதற்கு அக்கா வீடு சாட்சி. சாதா எஸ்.எஸ். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயை நம் தண்ணீருக்கு நான் சொல்லமாட்டேன். குளோரைடும் சூடும் சேர்ந்தால் அதில் குழியும் விரிசலும் வரும். இன்கலாய் 800 என்ற கலப்பு உலோகத்தில் நிக்கல் 30 முதல் 35 சதவீதம், குரோமியம் 20 சதவீதம் வாக்கில். குளோரைடு விரிசலை நன்றாகத் தாங்குகிறது, ஓடு படிந்து குழாய் சூடேறினாலும் செம்பைப் போல் சீக்கிரம் தளர்ந்துவிடாது. அதன் மேலும் சுண்ணாம்பு படியத்தான் செய்யும், அதை எந்த உலோகமும் நிறுத்தாது.

அதனால் குறைந்த வாட், நீளக் குழாய் என்று பாருங்கள். அதே சூடு அதிகப் பரப்பில் பரவினால் சதுர சென்டிமீட்டருக்கு விழும் வாட் குறையும், ஓட்டுக்கு அடியில் ஏறும் சூடும் அந்த அளவுக்குக் குறையும். பாய் தேடிக் கொண்டுவந்தது அதே ஃபிளான்ஜில் உட்காரும் 1500 வாட் இன்கலாய். நம் மேல்தொட்டித் தண்ணீர் 28 டிகிரி என்றால், 15 லிட்டரை 45-க்கு ஏற்ற 2000 வாட்டுக்கு 9 நிமிஷம், 1500-க்கு 12 நிமிஷம். இந்த 3 நிமிஷத்துக்காக யாரும் அதிக வாட்டுக்குப் போக வேண்டியதில்லை. இரவில் வோல்டேஜ் ஏறும் தெருவாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 230 வோல்ட்டில் 2000 வாட் இழுப்பது 250-இல் 2360 வாட் இழுக்கும்.

தெர்மோஸ்டாட்டை 50-க்கு மேல் திருப்புவதில்லை. 60 தாண்டினால் சுண்ணாம்பு வேகமாகப் படியும், அந்தச் சூட்டுத் தண்ணீரில் எப்படியும் பச்சைத் தண்ணி கலந்துதான் குளிக்கிறோம்.

டேங்க் கண்ணாடிப் பூச்சு உள்ளது. அதற்குள் மெக்னீசியம் ஆனோடு கம்பி ஒன்று இருக்கும். அரிப்பு டேங்கின் இரும்பை விட்டுவிட்டு அதைத் தின்னும். உப்புத் தண்ணீரில் அது சீக்கிரமே பென்சில் மாதிரி இளைத்துவிடுகிறது, அதனால் வருஷம் ஒருமுறை கழற்றிப் பார்த்து மாற்றுகிறோம். அப்போதே எலிமென்ட்டை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைசலில் ஊறவைத்தால் ஓடு நுரைத்துக் கரையும். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றவே கூடாது, இரும்பால் டேங்க் உள்ளே சுரண்டவும் கூடாது, பூச்சு போய்விடும்.

வெளி உடல் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். தகர உடலை உப்புக் காற்று திருகு ஓட்டைகளிலிருந்தே தின்னத் தொடங்கும். கரண்ட் கசிந்தால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் கீசரை மாட்டாதீர்கள். குழாய் வெடித்து அந்த வெள்ளைப் பொடி ஈரமானால் கரண்ட் தண்ணீருக்குள் கசியும். எங்கள் வீட்டில் எலிமென்ட் போன அன்று எங்களுக்கு முதலில் தெரிந்தது ஆர்சிசிபி விழுந்ததால்தான். மேல்தொட்டி காலியாக இருந்து கீசருக்குள் தண்ணீர் இல்லாத நேரத்தில் யாராவது சுவிட்சைப் போட்டுவிட்டால், இன்கலாயோ செம்போ, சில நிமிஷத்தில் முடிந்துவிடும். மோட்டார் ஓடாத நாட்களில் குழாயைத் திறந்து தண்ணீர் வருவதைப் பார்த்த பிறகே எங்கள் வீட்டில் சுவிட்சில் கை வைக்கிறோம்.