ஆர்எக்ஸ் 100 டேங்குக்கு ஒரு சின்ன ஸ்பிரே கன்: ஆறு மாதம் அடித்துப் பார்த்த பிறகு

"கன் எது வேணாலும் தர்றேன் தம்பி, உங்க கம்ப்ரசர் எத்தனை ஹெச்பி?"

பாரிமுனையில் நான் ஏறி இறங்கிய நான்காவது கடையில்தான் இந்தக் கேள்வி வந்தது. முதல் மூன்று கடைகளிலும் எவ்வளவு ரூபாய்க்குள் வேண்டும் என்று மட்டும் கேட்டார்கள். ஒரு ஹெச்பி, 24 லிட்டர் டேங்க், ஆயில் ஊற்றாத ரகம் என்றேன். பெரியவர் கையில் எடுத்த பெரிய கன்னைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிட்டு, உள்ளங்கையில் அடங்குகிற ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். தலைமேல் 125 மில்லி ஸ்டீல் கப், பெயிண்ட் வெளியே வரும் நாசிலின் துளை 1.0 மி.மீ., விலை 1,150 ரூபாய். பெயர் தெரிந்த கம்பெனி எதுவும் இல்லை. ஆறு மாதமாக என் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் டேங்க், சைடு பேனல்கள், ஸ்விங் ஆர்ம், சென்டர் ஸ்டாண்ட் எல்லாம் இதில்தான் அடித்தேன்.

அதற்கு முன்பு நண்பனின் பட்டறையிலிருந்து கார் அடிக்கும் 1.4 நாசில் கன்னை இரவல் வாங்கி ஒரு சைடு பேனலைக் கெடுத்திருந்தேன். கன் நல்ல கன்தான். அது கேட்கும் காற்றை என் கம்ப்ரசரால் கொடுக்க முடியவில்லை. அந்த அளவு கன்னுக்கு எட்டு, பத்து சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு அத்தனை கன அடி காற்று வேண்டும். என் கம்ப்ரசர் பெட்டியில் 6 என்று போட்டிருக்கிறது. அது பிஸ்டன் இழுக்கும் காற்றின் கணக்கு. அழுத்தத்தோடு வெளியே வருவது ஏறக்குறைய அதில் பாதிதான். டிரிக்கரை அழுத்திய சில நொடிகளில் அழுத்தம் காட்டும் முள் இறங்கிவிடும், பெயிண்ட் பொடியாகாமல் துளித்துளியாக விழும், மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகிவிடும். போதாததற்கு அதன் விசிறி, அதாவது பெயிண்ட் விரிந்து விழும் அகலம், இருபது சென்டிமீட்டருக்கு மேல் போகும். என் பேனலின் அகலமே அவ்வளவு இல்லை. பாதிப் பெயிண்ட் சுவருக்குத்தான் போனது.

சின்னக் கன் மூன்று, நான்கு சிஎஃப்எம்மில் ஓடிவிடுகிறது. டிரிக்கரை அழுத்திப் பிடித்தபடி, கன்னின் அடியில் 25 முதல் 30 பிஎஸ்ஐ காட்டும்படி ரெகுலேட்டரை வைக்கிறேன். விசிறி கையளவுதான். பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்து, ஒவ்வொரு வரியும் முந்தின வரியில் பாதியை மூடும்படி ஓட்டினால் டேங்கின் வளைவுகளில் சீராக உட்காருகிறது. பெட்ரோல் மூடியைச் சுற்றியுள்ள பள்ளம், ஃபிரேம்மேல் உட்காரும் அடிப்பக்கம், ஸ்விங் ஆர்மின் உள்மூலை என்று பெரிய கன் நுழையாத இடமெல்லாம் இது போகிறது. கப் மேலே இருப்பதால் கடைசித் துளி வரை இறங்கிவிடும். அடியில் கப் தொங்கும் ரகத்தில் எப்போதும் கொஞ்சம் மிச்சம் நின்றுவிடும். சின்னச் சின்ன பாகத்துக்குப் பெயிண்ட் கலக்குகிறவருக்கு அது பெரிய நஷ்டம்.

குறையும் சொல்ல வேண்டும். வாங்கிய மூன்றாவது வாரமே, நாசில் துளையைத் திறந்து மூடும் ஊசியைச் சுற்றியுள்ள வாஷர் தின்னரில் ஊறி உப்பிவிட்டது. டிரிக்கர் வழியாகப் பெயிண்ட் கசிந்து கையெல்லாம் சிவப்பு. டேங்குக்கு முதல் கோட் அடித்துக்கொண்டிருந்தபோது ஒரு சொட்டு விழுந்து, காயவைத்து, 1000 வாட்டர் பேப்பரில் தேய்த்து, மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போனது. அதே பெரியவரிடம் போனேன். தின்னரைத் தாங்கும் வெள்ளை டெஃப்லான் வாஷர் இரண்டு கொடுத்தார். அதற்கப்புறம் ஒரு சொட்டும் இல்லை. இந்த விலையில் வாங்கினால் முதல் நாளே வாஷரை மாற்றிவிடுங்கள்.

125 மில்லி கப் டேங்குக்கு ஒரு கோட் வரைதான் வரும், அதுவும் ஒட்டி ஒட்டி. நடுவில் நிறுத்தி ஊற்றினால் சேர்க்கை தெரியும். 250 மில்லி கப்போடு கிடைத்தால் அதையே எடுங்கள். கலருக்கு முன்பு அடிக்கும் பிரைமருக்கு இது சரிப்படாது. பிரைமர் கெட்டி, 1.4 நாசிலாவது வேண்டும். நான் பிரைமரைப் பட்டறையில் அடித்துக்கொண்டு வந்தேன். கலருக்கும், அதன்மேல் பளபளப்புக்கு அடிக்கும் நிறமில்லாத கிளியருக்கும் 1.0 போதுமானது.

கடையிலேயே செய்ய வேண்டிய சோதனை உண்டு. ஊசியைக் கழற்றிக் கண்ணாடி மேசைமேல் உருட்டுங்கள்; நுனி ஆடினால் வேண்டாம். வெறும் தின்னரை ஊற்றி, கன்னை அசைக்காமல் செய்தித்தாளில் ஒரு நொடி அடியுங்கள். ஈரம் நீளவட்டமாக, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விழ வேண்டும். வாழைப்பழம் மாதிரி வளைந்தால், நாசிலைச் சுற்றியுள்ள மூடியான ஏர் கேப்பில், கொம்பு மாதிரி நீட்டியிருக்கும் இடத்துத் துளை அடைத்திருக்கிறது அல்லது கோணலாகத் துளைத்திருக்கிறார்கள். நாசில், ஊசி, கேப் மூன்றும் செட்டாகத் தனியே கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால், ஊசி வளைகிற அன்றோடு கன்னின் ஆயுள் முடிந்தது.

அனெஸ்ட் இவாட்டாவின் எல்பிஹெச்-80 என்ற ஜப்பான் கன்னையும் ஒரு நாள் பிடித்துப் பார்த்தேன். இதே சின்ன ரகம்தான். டிரிக்கர் வெண்ணெய் மாதிரி இறங்குகிறது, பெயிண்ட் புகையாகப் போய் உட்காருகிறது, கம்ப்ரசர் அலட்டிக்கொள்ளவே இல்லை. விலை பல மடங்கு. மாதம் நாலைந்து டேங்க் அடித்துக் காசு வாங்குகிறவர் தயங்காமல் வாங்கலாம். சொந்த வண்டி ஒன்றை அடிக்கிறவருக்கு அந்தப் பணத்தில் பாதியை வேறு இரண்டு பொருளுக்குச் செலவழிக்கச் சொல்வேன்.

ஒன்று, காற்றிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டர். சென்னைக் காற்றை அழுத்தினால் தண்ணீர்தான் வரும். ஐப்பசியில் ஒரு நாள், மழை விட்ட நேரம் பார்த்து என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட்) கறுப்பு அடித்தேன், சென்டர் ஸ்டாண்ட் பால் தெளித்தது போல வெளுத்துவிட்டது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரம் அதில் படிந்துவிடும். அந்த ஈரத்தைச் செப்பரேட்டர் தடுக்காது, வெயில் நாளுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் ஹோஸ் வழியாக வந்து விழும் தண்ணீர்த் துளியை அது நிறுத்தும்.

இரண்டு, முகமூடி. டேங்குக்கு என்.சி. மட்டும் அடித்தால் பெட்ரோல் சிந்திய இடம் இளகிவிடும். அதனால், இறுக வைக்கும் ஹார்டனர் கலந்த பியூ (பாலியூரித்தேன்) கிளியர்தான் அடிப்போம். அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சுத்திணறும். கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் அதற்குச் சுத்தமாக உதவாது. நல்ல பெயிண்ட் கூடங்களில் வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் முகமூடிதான் போடுகிறார்கள். என்னிடம் அது இல்லை. அதனால் கிளியர் நாளன்று மட்டும் டேங்கைத் தூக்கிக்கொண்டு, அந்த வசதி இருக்கிற பட்டறைக்குப் போய்விட்டேன். என் கன்னையே கொடுத்தேன், அவர்கள் அடித்தார்கள்.

அடித்து முடித்தவுடன் கப்பில் தின்னர் ஊற்றி, வெளியே தெளிவாக வரும் வரை அடித்து, ஏர் கேப்பைக் கழற்றி மெல்லிய பிரஷ்ஷால் தேய்க்கிறேன். துளைக்குள் கம்பி விடுவதில்லை. கன்னை முழுசாகத் தின்னரில் முக்குவதும் இல்லை. காற்று வழியில் அழுக்கு ஏறி, வாஷரும் கெட்டுவிடும். இந்தப் பத்து நிமிட வேலையால் ஆறு மாதமாகியும் அதே முதல் நாள் நீளவட்டம்தான் செய்தித்தாளில் விழுகிறது. அடுத்து தம்பியின் பழைய சாமுராய் பைக் டேங்க் காத்திருக்கிறது. அதற்கு இதே கன்தான், கப் மட்டும் 250.