எச்சரிக்கை: திருகோணமலையில் வாடகை ஸ்கூட்டர் எடுப்பவர்களுக்கு. எங்களுக்குப் போனது 85,000 ரூபாய்

நேற்றுப் பின்னேரம் 60,000 ரூபாயை எண்ணிக் கொடுத்த பிறகுதான் என் கடவுச்சீட்டு கைக்கு வந்தது. ஏற்கனவே கொடுத்த முற்பணம் 25,000மும் போச்சு. மொத்தம் 85,000 ரூபாய். கோபம் ஆறுவதற்கு முதல் எழுதிவிடுகிறேன், இன்றைக்கும் யாராவது அதே கடை வாசலில் நிற்பார்கள்.

கடையின் பெயரைப் போடவில்லை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஸ்கூட்டரும் சைக்கிளும் வாடகைக்கு விடுகிற சின்னக் கடைகளில் ஒன்று. கனடாவிலிருந்து வந்த ஐந்து மாதப் பயணத்தின் கடைசி மூன்று வாரத்துக்கு, கோணேஸ்வரம், கன்னியா, கிண்ணியா என்று நானும் மனைவியும் ஓடித்திரிய ஒரு 110 சிசி ஸ்கூட்டர். நாளுக்கு 2,000 ரூபாய் என்று பேச்சு.

கடைக்காரர் தமிழ்தான். மனைவியின் அம்மம்மா மூதூர் என்று தெரிந்ததும், "அப்ப நீங்க நம்மட ஆக்கள், பிறகென்னக்கா பேப்பரும் கையெழுத்தும்?" என்றார். செவ்விளநீர் வெட்டித் தந்தார். ஒப்பந்தத் தாள் இல்லை. லைசன்ஸ் இருக்கா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சும்மா ஒரு முறைக்கு" என்று என் கடவுச்சீட்டை வாங்கி, ரப்பர் பாண்ட் போட்ட ஒரு கட்டோடு சேர்த்து மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். அந்தக் கட்டில் நீலம், சிவப்பு என்று பத்துப் பன்னிரண்டு கடவுச்சீட்டுகள் இருந்தன. பார்த்ததும் பயம் வந்திருக்க வேண்டும். இத்தனை பேர் நம்பியிருக்கிறார்களே என்று எங்களுக்குத் தைரியம்தான் வந்தது.

புறப்பட நாலு நாள் இருக்கையில், இறக்கக்கண்டிப் பாலம் தாண்டிக் குச்சவெளிப் பக்கம் போகும்போது வண்டி நின்றது. என்ஜின் உறுமுகிறது, பின்சில்லு அசையவில்லை. வண்டி தெரிந்தவர்களுக்கு இது விளங்கும்: என்ஜின் சுற்றுவதைப் பின்சில்லுக்குக் கொண்டுபோகிற பெல்ட் அறுந்திருக்கிறது. என்ஜின் உள்ளே இறுகிப் பிடித்து 'சீஸ்' ஆகியிருந்தால் கிக்கும் இறங்காது, செல்ஃபும் சுற்றாது. லான்ட்மாஸ்டரில் (பெட்டி பூட்டிய சின்ன உழவு மெசினில்) ஏற்றிக்கொண்டு நிலாவெளியில் ஒரு கராச்சுக்குப் போனோம். இடப்பக்க மூடியைக் கழற்றினால், பெல்ட் நார் நாராய்ப் பிரிந்து கிளச்சைச் சுற்றிக் கிடக்கிறது. உள்ளே கறுப்பு ரப்பர்த்தூளும் கடல்மணலும். 41,000 கிலோமீற்றர் ஓடிய வண்டி. பெல்ட்டை 20,000, 25,000 ஓடினதும் மாற்ற வேண்டும். மாற்றாமல் ஓடினால் முதலில் தேய்ந்து ஒடுங்கும், புறப்படும்போது வண்டி வெட்டி இழுக்கும், இரைச்சல் ஏறும், வேகம் ஏறாது, பிறகு அறும். பெல்ட், ரோலர், கூலி எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்துக்குள் முடியும் என்று கராச்காரர் சொன்னார். தேய்ந்து போகிற சாமான் அது. மாற்றிப்போட வேண்டியது சொந்தக்காரரின் வேலை.

கடையில் சொன்னது வேறு கதை. "என்ஜின் சீஸ் ஆயிட்டுது, எண்பத்தையாயிரம்." அறுந்த பெல்ட்டைக் கையில் கொடுத்தேன், வாங்கிப் பார்க்கவே இல்லை. மறுநாள் போனால், முதலாளி மட்டக்களப்புக்குப் போயிட்டார். அதற்கு மறுநாள் "பின்னேரம் வாங்கண்ணே." பின்னேரம் கடை பூட்டு. வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு விழுகிறது, பதில் இல்லை. சுற்றுலாப் பொலிஸுக்குப் போகிறோம் என்றதும்தான் ஆள் வாய் திறந்தார்: "போங்க. முதல்ல உங்கட லைசன்ஸைத்தான் கேப்பாங்க." முதல் நாள் லைசன்ஸ் கேட்காதது இதற்குத்தான். என்னிடம் இருந்தது கனடா லைசன்ஸ் மட்டும், அது தனியாக இங்கே செல்லாது.

இவர்கள் பிடிப்பது பயணத்தின் கடைசி நாட்களில். விமானத் திகதி தெரியும், கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஆறேழு மணித்தியால ஓட்டம் என்பது தெரியும், கடவுச்சீட்டும் அவர்கள் லாச்சியில். வழக்குப் பேச உங்களுக்கு நாள் இல்லை. அப்படித்தான் 85,000 ரூபாய் போனது. பற்றுச்சீட்டுக்கூடத் தரவில்லை.

விரிவாக எழுத நினைத்தேன், பெட்டி இன்னும் கட்டவில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான்:

கடவுச்சீட்டை அடமானம் வைக்காதீர்கள். பிரதி கொடுங்கள், அதற்கு மேல் கேட்டால் அடுத்த கடை. கனடாக் கடவுச்சீட்டு கனடா அரசின் சொத்து என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது, அடகு வைக்க உங்களுக்கே உரிமை இல்லை.

வெளிநாட்டு லைசன்ஸ் மட்டும் இங்கே செல்லாது. சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்துக்குக் கொழும்பு ஒட்டோமொபைல் அசோசியேஷனின் ஒப்புதல் எடுங்கள், அல்லது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக லைசன்ஸ் எடுங்கள். மோட்டார் சைக்கிள் வகுப்பு அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விபத்தில் காப்புறுதியையும் நம்ப முடியாது.

எடுக்கும்போதே வீடியோ: நாலு பக்கமும், மீற்றரும், டயரும், கடைக்காரரின் குரலும் விழ. பெல்ட் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். மனைவியையோ கணவரையோ பின்னால் ஏற்றி ஒரு கிலோமீற்றர் ஓடிப் பாருங்கள், தனியாக ஓடும்போது தெரியாத இழுவை இரண்டு பேரின் பாரத்தில் தெரியும்.

முறைப்பாட்டுக்குச் சுற்றுலாத் துறையின் 1912, பாவனையாளர் அதிகாரசபையின் 1977.

வண்டியைக் கடைசி நாள் வரை வைத்திருக்காதீர்கள். விமானத்துக்கு ஒரு கிழமை முதலே கொடுத்து முற்பணத்தை வாங்கிவிட்டு, மிச்ச நாளுக்கு ஆட்டோ பிடியுங்கள்.