ஹோஸ்டா ‘ஜூன்’: வாங்கலாம், ஆனால் அட்டையை நம்பி நடாதீர்கள்

ஹோஸ்டா குளிர்நாட்டுத் தோட்டங்களில் நிழலில் வைக்கிற இலைச்செடி, ‘ஜூன்’ அதில் ஒரு ரகம். பூவுக்காக இதை வாங்க வேண்டாம். கோடையில் வெளிர் ஊதாவில் ஏதோ பூக்கும், நான் தண்டோடு வெட்டிவிடுவேன். ‘ஜூன்’ இலைக்காக வாங்குகிற செடி: நடுவில் எலுமிச்சை மஞ்சள், ஓரமெல்லாம் நீலம் கலந்த பச்சை, இரண்டும் சேரும் இடத்தில் தூரிகையால் இழுத்துவிட்டது போல் கீற்றுகள். ‘ஹால்சியன்’ என்ற நீல ஹோஸ்டாவிலிருந்து நிறம் மாறி வந்த ரகம். 2001-இல் அமெரிக்க ஹோஸ்டா வளர்ப்போர் சங்கம் இதைத்தான் ஆண்டின் ஹோஸ்டாவாகத் தேர்ந்தெடுத்தது, தகும்.

என் கோபமெல்லாம் தொட்டியில் செருகியிருந்த அட்டை மேல்தான். ‘முழு நிழல்’ என்று போட்டிருந்தது. முழு நிழலில் செடி சாகாது, சரி, ஆனால் நடு மஞ்சள் மங்கிப் பச்சையோடு பச்சையாகிவிடும், அப்புறம் இருநிறச் செடி என்று கூடக் காசு கொடுத்தது எதற்கு? காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் படட்டும், மதிய வெயில் மட்டும் வேண்டாம், இலை கருகும். டொராண்டோவில் எங்கள் வீட்டுக் கிழக்குச் சுவரோரம் இருப்பதும் மேப்பிள் மரத்தடியில் இருப்பதும் ஒரே ரகம் என்றால் யாரும் நம்புவதில்லை. மரத்தடியில் இன்னொரு தொல்லையும் உண்டு, மேலாக ஓடும் மேப்பிள் வேர்கள் நாம் ஊற்றும் தண்ணீரையெல்லாம் முந்திக்கொண்டு குடித்துவிடும்.

ஓரத்து நீலம் இலை மேல் படிந்த மெழுகால் வருவது. வெயில் ஏற ஏறக் கரைந்து ஆகஸ்டில் வெறும் பச்சைதான் மிஞ்சும். ஸ்பிரிங்க்ளர் அடித்தால் இன்னும் சீக்கிரம் போகும், அதனால் தண்ணீர் அடியில் மட்டும்.

இலை தடிப்பானது, ஓடில்லாத நத்தைகள் மற்ற ஹோஸ்டாக்களைச் சல்லடையாக்கும்போது இதை அவ்வளவாகத் தொடுவதில்லை. மான் அப்படியில்லை, ஒரே இரவில் மொட்டையடித்துவிடும். நாயோ பூனையோ இலையைக் கடித்தால் வாந்தி எடுக்கும், எட்டாத இடமாகப் பாருங்கள்.

முழுக்க நீலமாக ஒரு குருத்து கிளம்பினால் பழைய ‘ஹால்சியன்’ திரும்புகிறது என்று அர்த்தம். வேரோடு பிரித்து எடுங்கள், விட்டால் மொத்தச் செடியையும் அது பிடித்துக்கொள்ளும். பிரிக்கும் கத்தியை ஒவ்வொரு செடிக்கும் கழுவுங்கள், ஹோஸ்டாவைத் தாக்கும் ‘ஹோஸ்டா வைரஸ் எக்ஸ்’ என்ற நோய்க்கிருமி செடியின் சாற்றின் வழியாகத்தான் பரவுகிறது. கடையிலேயே நரம்போரம் மை கசிந்த மாதிரி இலை தெரிந்தால் அது இந்த வைரஸின் அடையாளம், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

சென்னையில் வளருமா என்று கேட்பவர்களுக்கு: வளராது. குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து தூங்கினால்தான் இது அடுத்த வருடம் ஒழுங்காக முளைக்கும். அங்கே நிழலுக்கு கலேடியம் என்ற வண்ண இலைச்செடி வையுங்கள், விலையும் குறைவு.